பதினான்கு நாள் பிறந்த கதை

கேரளச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் அதன் கடைசிப் பக்கத்தில் நீளமான ஒரு வாக்கியம் கிடக்கும். அரசு செய்யும் ஒவ்வொரு விதியும், சட்டமன்றம் கூடியிருக்கும்போது மொத்தம் 14 நாட்கள் அதன் மேசையில் வைக்கப்பட வேண்டும். அந்தக் கூட்டத்தொடரோ அடுத்த தொடரோ முடிவதற்குள் சபை அதைத் திருத்தலாம், வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். வேண்டாம் என்றால் அன்றோடு விதி செல்லாது. அதுவரை நடந்தவை மட்டும் நிற்கும். வக்கீல்களே வேகமாகத் தாண்டிப் போகும் பிரிவு இது. எனக்கோ சட்டத்தின் உயிரே இங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

ஏனென்றால் நம்மை நேரடியாகத் தொடுபவை பெரும்பாலும் விதிகள்தான். இடுக்கி மலை மாவட்டத்தைப் பாருங்கள். 1960இல் வந்தது அரசு நில ஒதுக்கீட்டுச் சட்டம். அதன்படி பட்டா கொடுத்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தவை 1964இன் விதிகள்: விவசாயம் செய்யலாம், வீடு கட்டலாம். சாலையோரம் ஒரு கடையோ தங்கும் விடுதியோ எழும்பினால் அது விதிமீறல். மலையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் இதில் மாட்டிக்கொண்டன. 2023 செப்டம்பரில் இந்த மீறல்களை முறைப்படுத்த வழிசெய்யும் திருத்த மசோதா நிறைவேறி, 2024இல் ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்த பிறகும் மக்கள் காத்துத்தான் கிடந்தார்கள். எதை முறைப்படுத்துவது, எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் விதிதானே சொல்ல வேண்டும்? அது உருவாக 2025 ஆகிவிட்டது.

விதி செய்யும் இந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட வேண்டும் என்ற எண்ணம் லண்டனில் சூடுபிடித்தது. முதல் உலகப் போரும் அதன் பிறகு பெருகிய நலத் திட்டங்களும் அரசுத் துறைகளின் கையில் விதி செய்யும் அதிகாரத்தைக் குவித்திருந்தன. இது புதிய கொடுங்கோன்மை என்று 1929இல் நூலே எழுதினார் தலைமை நீதிபதி ஹெவர்ட் பிரபு. இதை ஆராய அமைக்கப்பட்ட டொனோமோர் குழு 1932இல் நிதானமாகப் பதில் சொன்னது: அதிகாரத்தைத் துறைகளுக்குக் கொடுக்காமல் நவீன அரசு நடக்காது, ஆனால் நாடாளுமன்றம் கண்காணிக்க வேண்டும். 1946இல் வந்த சட்டம், ஒரு விதியை நாடாளுமன்றம் ஆட்சேபிக்க 40 நாள் அவகாசம் கொடுத்தது.

அதே சிந்தனை இங்கேயும் வேர்விட்டது. சட்டமன்றம் தன் அடிப்படைக் கடமையைப் பிறரிடம் ஒப்படைக்க முடியாது என்று 1951இல் டெல்லி சட்டங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1953இல், சபாநாயகர் மவலங்கர் காலத்தில், விதிகளைப் பரிசீலிக்க மக்களவையில் தனிக் குழு பிறந்தது. மத்தியச் சட்டங்களில் 30 நாள் என்பது வழக்கமாயிற்று. கேரளச் சட்டங்களில் 14.

நாள் கணக்கைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது விவாத நேரம். ஒரு விதியை எதிர்த்து உறுப்பினர் நோட்டீஸ் கொடுத்தால், அதை எப்போது விவாதிப்பது? மக்களவை விதி 235இன்படி, சபாநாயகர் அவை முன்னவரைக் கலந்து நாள் குறிப்பார். அவை முன்னவர் என்றால் பிரதமர், அல்லது அவர் நியமிக்கும் அமைச்சர். யாருடைய விதி எதிர்க்கப்படுகிறதோ அவரிடமே நேரம் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டம் வேறு வழியில் போனது: ஒரு விதியை நிராகரிக்கும் தீர்மானத்தின் மீது செனட்டில் அதிகபட்சம் 10 மணி நேரம்தான் விவாதம், பிறகு சாதாரணப் பெரும்பான்மையில் முடிவு. பேசிப் பேசியே தீர்மானத்தைக் கிடப்பில் போடுவது அங்கே நடக்காது. பிரிட்டனில் 40 நாள் இருந்தும், மக்கள் சபை ஒரு விதியைக் கடைசியாக ரத்து செய்தது 1979இல்தான்.

கேரளம் இதற்கு ஒரு மாற்று கண்டது. 1980இல் நியமசபை, அதாவது கேரளச் சட்டமன்றம், துறைவாரியாக 10 சப்ஜெக்ட் கமிட்டிகளை அமைத்தது. இன்று அவை 14. நாட்டிலேயே முன்னோடி முயற்சி அது. மசோதாக்களும் மானியக் கோரிக்கைகளும் மட்டுமல்ல, வரைவு விதிகளும் அங்கே போகின்றன. இடுக்கிக்காரர்கள் காத்திருந்த 2025 விதிகளும் அந்த வழியாகத்தான் வந்தன. அரசிதழில் வந்த பிறகு மேசையில் 14 நாள் கிடப்பதைக் காட்டிலும், வருமுன்பே நாலு உறுப்பினர்கள் உட்கார்ந்து வரிவரியாகக் கேள்வி கேட்பது எவ்வளவோ மேல். இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒரு குறையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் கமிட்டிகளின் தலைமை நாற்காலியில் அமர்வது துறை அமைச்சர். வரைவை எழுதிய துறையும் அவருடையது, அதை அலசும் கூட்டத்தை நடத்துபவரும் அவரே. நாடாளுமன்றம் 1993இல் துறைவாரி நிலைக்குழுக்களை அமைத்தபோது அமைச்சர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்று வைத்தது. திருவனந்தபுரம் இந்த ஒன்றை டெல்லியிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அரசியல் சாசனத்தைத் திருத்தத் தேவையில்லை. சபை தன் நடைமுறை விதிகளைத் திருத்திக்கொண்டால் போதும்.