ஒரு மணியும் ஒரு பொறியும்



மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். ஹாஸ்டல் கதை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் மின்பொறியியல் படித்தவன். ஒரு மணியின் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எரிவாயுக் குழாய்கள் ஓடும் இடத்துக்குச் சாதாரண டார்ச் லைட்டோடு கிளம்பினேன். வயதான ஃபோர்மேன் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ரெண்டு பேட்டரிதானே அண்ணே?" என்றேன். "சுவிட்சுன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி" என்றார். அன்று எனக்குக் கோபம்தான். செங்கனித் சுரங்கத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் அவர் அருமை புரிந்தது.

தெற்கு வேல்ஸில் இருந்த நிலக்கரிச் சுரங்கம் அது. 1901-லேயே அங்கே ஒரு வெடிவிபத்தில் 81 பேர் இறந்திருந்தார்கள். 1913 அக்டோபர் 14 அன்று மீண்டும் வெடித்தது. சுரங்கத் தொழிலாளர் 439 பேரும், மீட்கப் போன ஒருவரும் மாண்டார்கள். பிரிட்டன் கண்ட மிகப் பெரிய சுரங்க விபத்து இதுவே.

காரணம் இதுதான் என்று விசாரணையில் உறுதியாகவில்லை. ஆனால் பலமாகச் சந்தேகிக்கப்பட்டது மணி அடிக்கும் மின்கம்பிகளை! உறையில்லாத இரண்டு கம்பிகள் சுரங்கப் பாதை நெடுக ஓடும். எங்கே நின்று அவற்றை ஒன்றோடொன்று தொட்டாலும் மணி அடிக்கும். கூடவே ஒரு சிறு பொறியும் வரும். சமிக்ஞைக்கு 25 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று அப்போதே விதி இருந்தது. பேட்டரி மணிக்கு அது ஒரு பொருட்டா?

வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது என்பதை வீலர், தார்ன்டன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. மணியின் சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல், சுற்று அறுபடும் கணத்தில் பொறியாக வெளிப்படுகிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லி ஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆகவே, பழுதானாலும் தீ மூட்டும் அளவு ஆற்றல் வெளிவராதபடி சுற்றையே அமைக்க வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. இன்று 'இன்ட்ரின்சிக் சேஃப்டி' என்று நீங்கள் படிப்பது அதைத்தான்.

தம்பி தங்கைகளே, விதிப்புத்தகத்தில் எண்களை மனப்பாடம் செய்யுங்கள், தப்பில்லை, பரீட்சைக்கு உதவும். அந்த எண் ஏன் வந்தது என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். உங்களை நம்பி உள்ளே போகிறவர்களுக்கு அதுதான் உதவும்.