ஏடும் குழந்தையின் சொல்லும்

ஏடுகளில் பதிந்திருப்பதே வரலாறு என்று வகுப்பறையில் நாம் கற்பிக்கிறோம். அந்த ஏட்டை எழுதியவர் யார், எவர் நலனுக்காக எழுதினார் என்று கேட்க மறந்துவிடுகிறோம். அப்புத்தளை, பதுளைத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. 1921இல் ஒழிக்கப்படும் வரை, துரை கொடுக்கும் 'துண்டு' இன்றி அவன் வேறு தோட்டத்தில் வேலை பெறுவது அரிதாயிருந்தது. துரையின் பேரேடு சாட்சியமாயிற்று. லயத்து மனிதனின் சொல் புலம்பலாயிற்று.

இதே அநீதி குழந்தைகள்மீது, அதுவும் வைத்தியத்தின் பெயரால் நிகழ்ந்ததற்கு, நியூசிலாந்தின் லேக் அலிஸ் மனநோய் வைத்தியசாலை சான்றாக நிற்கிறது.

மார்ட்டன் என்னும் சிற்றூருக்கு அருகில் 1950இல் திறக்கப்பட்ட அவ்வைத்தியசாலையில், 1972இல் சிறுவர் பிரிவொன்று தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பாளர் வைத்தியர் செல்வின் லீக்ஸ். அங்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளிற் பலருக்கு மனநோயே இருக்கவில்லை. அரசின் பராமரிப்பு இல்லங்களில் 'அடங்காதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். அந்நாட்டின் பூர்வீகக் குடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகள் அவர்களுள் ஏராளம். செய்த குறும்புக்கும் சொற்கேளாமைக்கும் மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். கடும் வேதனை தரும் பரல்டிஹைட் ஊசியை ஏற்றினார்கள். பிள்ளைகளுக்கு அது தண்டனை. வைத்தியசாலை ஏட்டிலோ அது 'சிகிச்சை'.

பிள்ளைகள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை ஊழியர்கள் படித்துப் பார்ப்பது வழக்கம். நியுவே என்னும் பசிபிக் தீவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அதற்கும் வழி கண்டான். சிரித்த முகமொன்றை வரைந்தான். அதன் வாய்மொழியாகத் தன் தாய்மொழியில், தனக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள் என்று பாட்டிக்கு எழுதினான். படித்தவர்களுக்கு அம்மொழி தெரியாது, பாட்டிக்குத் தெரியும். கல்வித் துறையின் உளவியலாளர் ஒருவர் அவன் சொல்லுக்குச் செவி கொடுத்தார். இனவாதத்துக்கும் பாகுபாட்டுக்கும் எதிரான ஆக்லாந்துக் குழு 1976இல் அதை நாடறியச் செய்தது.

உண்மை வெளிவந்தது, நீதி வரவில்லை. 1977இல் அரசு நியமித்த விசாரணை வைத்தியசாலையின் பக்கமே சாய்ந்தது. அதே ஆண்டில் மக்கள் குறைகேள் அதிகாரி சர் கை பௌல்ஸ், வேறொரு சிறுவனுக்குப் பாரதூரமான அநீதி இழைக்கப்பட்டதென அறிக்கையிட்டார். அப்பிரிவு மூடப்பட்டது, வைத்தியரோ அவுஸ்திரேலியா சென்று தொழிலைத் தொடர்ந்தார். 2001இல் அரசு மன்னிப்புக் கோரி, முதலில் 95 பேருக்கு இழப்பீடு வழங்கியது. ஆயினும், வழக்குத் தொடரப் போதிய சான்றில்லை என்று 2010இல் பொலிஸார் கைவிரித்தனர். விசாரணை முறையாக நடைபெறவில்லை என்று 2019இல் ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கு எதிரான குழு இடித்துரைத்தது. 2021 டிசம்பரில், வைத்தியர்மீது குற்றஞ்சாட்டப் போதிய சான்று உண்டு என்று அதே பொலிஸார் ஒப்புக்கொண்டனர். தொண்ணூறு வயதைக் கடந்த அவர் விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் அப்போது இல்லை; அடுத்த மாதமே இறந்துபோனார். அங்கு நிகழ்ந்தது சித்திரவதையே என்று அரசு ஏற்றுக்கொண்டது 2024 ஜூலையில், அரச ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை வெளியானபோதுதான்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! சான்று இல்லாமலா இத்தனை காலம் சென்றது? சிறுவனின் கடிதம் இருந்தது. குறைகேள் அதிகாரியின் அறிக்கையும் இருந்தது. இல்லாதிருந்தது நம்பிக்கை ஒன்றே. மனநோயாளி என்று எழுதப்பட்ட கணமே பிள்ளையின் சாட்சியம் செல்லாக் காசாயிற்று. வறுமையும் இனமும் அந்த முத்திரையை இன்னும் ஆழப் பதித்தன. அடித்தவரே ஏட்டையும் எழுதினார். விசாரிக்க வந்தவர்கள் அந்த ஏட்டைப் புரட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

நம் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். அவர்களுள் ஒருத்தி ஓடிவந்தால், 'திருடி', 'பொய்க்காரி' என்ற பெயர் அவளுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பெயரைச் சூட்டியவர் யார் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாமே. அவள் சொல்வதைக் கேட்போம். அவள் சொன்ன மொழியிலேயே, நாளும் இடமும் குறித்து எழுதி வைப்போம். நாளை நடைபெறும் விசாரணையின் முன் எசமானரின் ஏட்டுக்குப் பக்கத்தில் அந்த ஏடும் இருக்கட்டும்.