அலைவரிசையும் லயத்துப் பிள்ளையும்



தொலைவிலிருந்து பாடம் கேட்பது நமக்குப் புதிய சங்கதியன்று. நிவித்திகலையில் எங்கள் லயத்து இஸ்தோப்பில், வெயிலில் காயவைத்த பற்றரியைப் போட்டு, வானொலியின் கல்வி நிகழ்ச்சிகளுக்குக் காதுகொடுத்த பிள்ளைகளுள் நானும் ஒருவன்.

அந்த வானொலி எங்களுக்கு ஏன் அத்தனை தேவைப்பட்டது? 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பாக்கிற்று. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி கிடைத்தது. எனினும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவிற் பொறுப்பேற்றதோ 1970களின் பிற்பகுதியிலேதான். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர் என்ற நிலை அதன் பின்னரும் பல இடங்களில் நீடித்தது. ஆகவே, 1925இல் கொழும்பில் ஒலிக்கத் தொடங்கிய வானொலி, காலப்போக்கில் எங்களுக்கு இன்னோர் ஆசிரியராயிற்று. ஆனால் அந்த ஆசிரியரிடம் எங்களால் கேள்வி கேட்க முடியவில்லை.

இக்குறையை வேறொரு நாடு 1951இலேயே தீர்த்திருந்தது. அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கிய 'வான்வழிப் பாடசாலை', பறக்கும் வைத்தியர் சேவையின் வானொலி வலையமைப்பைப் பயன்படுத்திற்று. நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்த பிள்ளையும் பதில் சொல்லிற்று; ஆசிரியரும் கேட்டார். இந்தியாவோ 1975இல் செய்மதி வழியே சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் அனுப்பியது. அங்கே பேச்சு ஒருவழிதான். ஆயினும் பெட்டி ஊருக்குப் பொது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் அதன்முன் அமரலாம்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் நமது பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்திற் பாடங்கள் இருந்தன. வட்ஸ்அப்பில் நாங்களும் அனுப்பினோம். இருவழியும் கைகூடிவிட்டதென்றே எண்ணினேன். பதுளை மாவட்டத்துப் போஹிதியாவையில் பிள்ளைகள் சமிக்ஞை தேடிப் பாறையேறியதை 2021இல் உலகமே அறிந்தது. நான் கண்டது அதனினும் சிறிய விடயம். நிவித்திகலைத் தோட்டமொன்றிலிருந்த என் மாணவியின் வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. தகப்பனார் அதை மாணிக்கக் குழி வேலைக்குக் கொண்டுசென்று இரவிலேதான் திரும்புவார். அவள் பாடத்தைத் திறக்கையில் வகுப்பு முடிந்து பல மணி நேரமாகியிருக்கும். கேட்க ஆளில்லை.

ஒருநாள் பாண் விற்கும் ஓட்டோக்காரர் என்னிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைத் தந்தார். கடைசிப் பக்கத்தில், "சேர், இதைத் திருத்தித் தாங்க. புணர்ச்சி விதி விளங்கேல்ல" என்றிருந்தது. சிவப்பு மையால் விளக்கமெழுதி அதே ஓட்டோவிற் கொடுத்தனுப்பினேன். மறுவாரமும் கொப்பி வந்தது. இம்முறை இன்னொரு கேள்வியோடு.

அன்று எனக்கொன்று தெளிவாயிற்று. பாடம் போய்ச் சேர்ந்தால் மட்டும் கல்வியாகாது. கேள்வி திரும்பி வரவேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்ற தோட்டங்களில், பிள்ளைகள் கூடியிருந்து கேட்கவும் கேள்வி அனுப்பவும் பொதுவான ஓர் அறையாவது வேண்டும். அடுத்த இடர் வரும்வரை அதற்காகக் காத்திருக்கலாமா, நேயர்களே?