விசையும் சட்டத்தின் சொல்லும்

துப்பாக்கி என்றவுடன், கல்லாவியில் வாழும் எனக்குப் பயிர் காக்கும் நாட்டுத் துப்பாக்கியே நினைவுக்கு வருகிறது. அதற்கும் உரிமம் வேண்டும். அவ்வுரிமத்தின் வரலாறு அறியத்தக்கது.

லிட்டன் பிரபு ஆட்சியில் பிறந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டது. அதன் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்தன. அச்சட்டம் கருவிக்கு அஞ்சவில்லை, மக்களுக்கு அஞ்சிற்று. விடுதலைக்குப்பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமோ கருவியின் செயலை நோக்கிற்று. விசையை அழுத்தியிருக்கும்வரை குண்டுகள் தொடர்ந்து பாயுமாறு அமைத்த, அல்லது மாற்றியமைத்த துப்பாக்கியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என வகுத்தது. பயிர் காக்கக் குழல்வாயில் மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் பெற வழியும் வைத்தது.

வரையறையின் அருமையை அமெரிக்க அனுபவம் காட்டும். விசையின் ஒரே இயக்கத்தில் தானாகவே பல குண்டுகளைப் பாய்ச்சுவதே இயந்திரத் துப்பாக்கி என்றது அந்நாட்டின் 1934ஆம் ஆண்டுச் சட்டம். பின்னுதைப்பைக் கொண்டு விசையை விரைந்து இயக்கவைக்கும் துணைக்கருவியொன்று, 2017இல் லாஸ் வேகாஸ் நகரில் 50-க்கும் மேற்பட்டோர் மாண்ட படுகொலையில் பயன்பட்டது. அரசு அதனைத் தடைசெய்தது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை மீண்டும் இயங்குகிறது எனக் கூறி, 2024இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று.

சட்டம் ஓர் இனத்தை ஐயுறுவது அநீதி; சொல்லில் இடைவெளி விடுவது ஆபத்து. நாளை சட்டம் இயற்றப்போகும் நீங்கள் இவ்விரண்டையும் மறவாதிருப்பீர்களாக.