மின்பகுளிகள்: சேர்வராயன் மலையிலும் மேட்டூரிலும்

மின்பகுளி என்பது நீரில் கரையும்போதோ உருகும்போதோ அயனிகளாகப் பிரிந்து மின்சாரம் கடத்தும் பொருள். சமையல் உப்பும் அமிலங்களும் காரங்களும் இவ்வகையின. சர்க்கரை நன்றாகக் கரைந்தாலும் அதன் மூலக்கூறுகள் பிரியாமல் நிற்பதால் கரைசல் மின்சாரம் கடத்துவதில்லை. சேலம் மாவட்டத்தின் தொழில் வரலாற்றில் இந்த வேதியியல் இருவிதமாகப் பயன்பட்டது. மேட்டூரில் உப்புநீரை மின்னாற்பகுத்தார்கள். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் அலுமினியத் தாதுவான பாக்சைட் நீருக்கு மசியவில்லை. அதற்கு வேறு கரைப்பான் வேண்டியிருந்தது.

கருத்தின் வளர்ச்சி

1834-இல் மைக்கேல் பாரடே கரைசலில் மின்னூட்டத்தைச் சுமந்து செல்பவற்றுக்கு அயனி என்று பெயரிட்டார். மின்சாரம் பாய்வதால்தான் அவை பிரிகின்றன என்பது அக்கால நம்பிக்கை. சுவீடனைச் சேர்ந்த ஸ்வான்டே அரீனியஸ் 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் கரைசல்கள் மின்சாரம் கடத்துவது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். கரைந்த மாத்திரத்திலேயே பொருள் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்ற கொள்கையை 1887-இல் முழுமையாக வகுத்தார். ஆய்வேட்டுக்குத் தேர்வாளர்கள் குறைந்த தரமே அளித்தனர். 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீர், எதிரெதிர் மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பை ஏறத்தாழ 80-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொண்டு, அவை மீண்டும் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆயினும் உப்பு போன்ற வலிய மின்பகுளிகள் அரீனியஸின் கணக்குக்குள் அடங்கவில்லை. 1918-இல் கல்கத்தாவின் ஞான் சந்திர கோஷ், இவை கரைசலில் முழுமையாகவே பிரிகின்றன, அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பே அவற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று விளக்கினார். 1923-இல் அறிவியலாளர்கள் டெபையும் ஹூக்கலும் இச்சிக்கலுக்கு வேறு கணித வடிவம் தந்தார்கள், அதுவே நிலைத்தது.

மழை விட்டுவைத்த பாக்சைட்

சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. நெடுங்காலம் பெய்த மழை அப்பாறையிலிருந்து சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை அயனிகளாகக் கரைத்துக் கொண்டுபோனது. சிலிக்காவிலும் பெரும்பகுதி போயிற்று. நீரில் எளிதில் கரையாத அலுமினிய ஹைட்ராக்சைடும் இரும்பு ஆக்சைடுகளும் மலையுச்சிச் சமதளங்களில் பாக்சைட்டாகத் தங்கின.

மேட்டூர்

மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. அதையொட்டி நீர்மின்சாரமும் கிடைத்தது. 1936-இல் நிறுவப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ் உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடா தயாரித்தது. உப்புநீரில் மின்சாரம் பாயும்போது குளோரைடு அயனிகள் நேர்மின்வாயில் எலெக்ட்ரானை இழந்து குளோரின் வாயுவாகின்றன. எதிர்மின்வாய்ப் பக்கம் நீரிலிருந்து ஹைட்ரஜன் வெளியேற, எஞ்சும் ஹைட்ராக்சைடு சோடியத்துடன் சேர்ந்து காஸ்டிக் சோடா கிடைக்கிறது.

இதே வழியில் அலுமினியம் எடுக்க முடியாது. அலுமினிய உப்பை நீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினாலும், உலோகத்துக்கு முன்பாக நீரின் ஹைட்ரஜனே வெளிவரும். 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டை மேட்டூருக்குக் கொண்டுவந்தது. சூடான காஸ்டிக் சோடாவில் அதைக் கரைத்து இரும்பு ஆக்சைடு கசடை நீக்கினால் தூய அலுமினா (அலுமினிய ஆக்சைடு) கிடைக்கும். அலுமினா தனியே உருக 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அது 960 டிகிரி அளவிலேயே கரைந்து அயனிகளைத் தரும். அதில் மின்சாரம் பாய்ச்சும்போது உலோகம் தொட்டியின் அடியில் சேர, கரி நேர்மின்வாய்கள் எரிந்து கரைகின்றன. ஒவ்வோர் அலுமினிய அயனிக்கும் மூன்று எலெக்ட்ரான்கள் தேவை. அதனால் ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் செலவாகும். மால்கோவின் உருக்காலை 2008-இல் நின்றது.

ஆய்வும் அளவீடும்

தமிழ்நாட்டில் மின்பகுளி ஆய்வுக்குத் தனி நிறுவனமாக மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்திருந்தார். வீடுகளில் குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டரும் நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதிலிருந்து கரைந்த உப்பின் அளவைக் கணக்கிடும் கருவியே. டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் அதன் எண் ஏறும். எவ்வளவு சர்க்கரை கரைத்தாலும் அந்த ஏற்றம் இராது.