மெழுகுவர்த்தி ஒளி உருவப்படம்

மெழுகுவர்த்தி ஒளி உருவப்படம் என்பது, மெழுகுவர்த்திச் சுடரை ஒரே ஒளிமூலமாகவோ முதன்மை ஒளிமூலமாகவோ கொண்டு ஒருவரை எடுக்கும் ஒளிப்படம் ஆகும். முகத்தின் ஒரு பகுதி பொன்னிறமாகத் தெரிய, எஞ்சிய பகுதி இருளில் மறைவது இவ்வகைப் படங்களின் இயல்பு.

ஒளியின் தன்மை

ஒரு மெழுகுவர்த்தியின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1 கேண்டெலா ஆகும். இவ்வலகின் பெயரே மெழுகுவர்த்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். சுடரிலிருந்து 1 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 1 லக்சு வெளிச்சமே கிடைக்கிறது. தொலைவு பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காவதால், 30 செ.மீ. தொலைவில் இது சுமார் 11 லக்சாக உயரும். எனவே மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட அவற்றை முகத்துக்கு அருகே கொண்டுவருவதே கூடுதல் பயன் தரும். ஆயினும் தலைமுடி, ஆடை, திரைச்சீலை ஆகியன தீப்பற்றாத இடைவெளி இருத்தல் வேண்டும்.

சுடரின் நிற வெப்பநிலை சுமார் 1,900 கெல்வின். இதில் நீல ஒளி மிகக் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்ககால ஒளிப்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையே உணர்ந்தன என்பதால், அக்காலத்தில் மெழுகுவர்த்தி ஒளியில் ஆட்களைப் படமெடுப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தது. 1873இல் எர்மன் வில்லெம் ஃபோகல் சாயங்களைக் கொண்டு தகடுகளின் உணர்திறனைப் பிற நிறங்களுக்கும் நீட்டிக்கலாம் எனக் கண்டறிந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

எடுக்கும் முறை

30 செ.மீ. தொலைவில் ஒரு மெழுகுவர்த்தி இருக்கும்போது, ஐ.எஸ்.ஓ. 1600, துளை எஃப்/2, நேரம் 1/15 நொடி என்பது நல்ல தொடக்க அளவு. இவ்வேகத்தில் முக்காலி தேவை. முக்காலி கருவியின் அசைவை மட்டுமே தடுக்கும். படத்தில் இருப்பவர் சாய்ந்தோ கையை ஊன்றியோ அமர்ந்தால்தான் முகம் கலங்காமல் இருக்கும். மின்விசிறியை நிறுத்திச் சன்னல்களை மூடாவிடில் சுடர் ஆடி, நிழலும் ஆடும். 50 மி.மீ. வில்லையை எஃப்/1.8இல் வைத்து 1 மீட்டர் தொலைவில் எடுத்தால், 35 மி.மீ. சட்டகத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. ஆகவே குவியத்தை அருகிலுள்ள கண்ணின் மீது வைப்பது வழக்கம்.

சட்டகத்துக்குள் சுடர் இருந்தால் ஒளிமானி ஏமாந்து, முகம் இருண்டுவிடும். அளவை முகத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். சுடர் முகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசமானது என்பதால், அது வெறும் வெண்மையாகப் பதிவாவதைத் தவிர்ப்பது கடினம். பல மெழுகுவர்த்திகளை நெருக்கமாக வைத்தால் நிழல்களின் ஓரங்கள் மென்மையாகும். தள்ளித் தள்ளி வைத்தால் ஒவ்வொன்றும் தனி நிழலை உண்டாக்கும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடிப்பதே மலிவான தீர்வு. பிளாஷைப் பயன்படுத்தினால் மெழுகுவர்த்தி வெறும் அலங்காரப் பொருளாகிவிடும்.

எண்ணிமக் கருவிகளில் வெண்சமநிலையை முழுமையாகத் திருத்தினால், வலுவற்ற நீலப் பதிவு பெருக்கப்பட்டுப் புள்ளிகள் மிகும்; பொன்னிறமும் போய்விடும். 3,200 கெல்வின் அளவில் வைத்தால் இளஞ்சூடான நிறம் எஞ்சும்.

ஓவியமும் திரைப்படமும்

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர் (1593–1652) இவ்வொளியைத் தீட்டியவர்களுள் புகழ்பெற்றவர். லூவர் அருங்காட்சியகத்திலுள்ள தச்சரான புனித யோசேப்பு ஓவியத்தில், சிறுவனின் கை சுடரை மறைக்க, விரல்களினூடே ஒளி கசிகிறது. சுடரை மறைத்து முகத்தை மட்டும் ஒளியூட்டும் இம்முறை ஒளிப்படத்துக்கும் பொருந்தும்.

1975இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் பேரி லிண்டன் திரைப்படத்தில் சில காட்சிகள் மெழுகுவர்த்தி ஒளியிலேயே படமாக்கப்பட்டன. நாசாவுக்காகச் சைஸ் நிறுவனம் உருவாக்கிய 50 மி.மீ. எஃப்/0.7 வில்லை இதற்குப் பயன்பட்டது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட், 100 ஏ.எஸ்.ஏ. படச்சுருளை 200 எனக் கொண்டு எடுத்து, அதற்கேற்பக் கூடுதலாக உருத்துலக்கச் செய்தார். கூரையைச் சூட்டிலிருந்து காக்க மெழுகுவர்த்திக் கொத்துகளின் மேலே பொருத்தப்பட்ட உலோகத் தகடுகள், ஒளியைக் கீழே திருப்பவும் உதவின. தெளிவின் ஆழம் மிகக் குறைவாக இருந்தமையால், நடிகர்கள் முன்பின் நகர்வதைக் கண்காணிக்கப் பக்கவாட்டில் ஒரு நிகழ்படக்கருவி வைக்கப்பட்டது.