காவிரிப் படுகை வயல்வேலைப் பெண்கள்: உரிமையும் நலனும்

காவிரிப் படுகையின் நெல் சாகுபடியில் நடவும் களையெடுப்பும் காலங்காலமாகப் பெண்களின் வேலை; ஆயினும் அவ்வேலையைச் செய்த, பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களுக்கு அந்நிலத்தில் ஒரு குழிகூடச் சொந்தமில்லை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலவிய பண்ணையாள் முறையில், அதாவது ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே மிராசுதாரின் (நிலவுடைமையாளரின்) பண்ணைக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் ஏற்பாட்டில், கணவன் பண்ணையாள் என்றால் மனைவியின் உழைப்பும் அதில் அடங்கிவிடும். கணுக்கால் புதையும் சேற்றில் பகல் முழுவதும் குனிந்து நாற்று நட்டவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் வந்த சேற்றுப்புண் ஆறுவதற்குள் அடுத்த நடவு வந்துவிடும். கைக்குழந்தை வரப்போரத்து மரக்கிளையில் கட்டிய தூளியில் கிடக்கும்.

1940களில் பி. சீனிவாசராவ் முதலிய பொதுவுடைமையர் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினர். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம், மிராசுதார்கள் அளித்துவந்த சவுக்கடி, சாணிப்பால் புகட்டல் ஆகிய தண்டனைகளுக்கு முடிவு கட்ட முனைந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவ்வியக்கத்தில் மணலூர் மணியம்மைக்குத் தனி இடமுண்டு. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே கணவரை இழந்த அவர், கைம்மைக் கோலத்தைத் துறந்து, தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை அணிந்து, உழைப்பவர்களின் சேரிகளுக்குச் சென்று சங்கம் கட்டினார். 1953இல் அவர் மறைந்த பின் நெடுங்காலம் வரலாற்று நூல்கள் அவரை ஓரிரு வரிகளில் கடந்து போனது பெருங்குறையே. ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்னும் நாவலே அக்குறையை ஓரளவு போக்கிற்று.

கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர், அக்குடிசைக்கு வைக்கப்பட்ட தீயில் கருகி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் கூலி எவ்வளவு உயர்ந்தாலும் குடியிருக்கும் மனையும் உழும் நிலமும் பிறருடையவையாக இருக்கும்வரை பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்பதை உணர்ந்து செயல்பட்டவர்கள், கொலைகளை அடுத்து அங்கு வந்த காந்தியச் சர்வோதய இயக்கத் தம்பதியர் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். 1981இல் அவர்கள் தொடங்கிய ‘லாஃப்டி’ (உழுபவரின் விடுதலைக்கு நிலம்) அமைப்பு, நிலவுடைமையாளர்களுடன் விலை பேசி, வங்கிக் கடனும் அரசு உதவியும் பெற்று, வாங்கிய நிலத்தைக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பெண்கள் பெயரிலேயே பத்திரம் செய்து கொடுத்தது. மதுவுக்கும் கடனுக்கும் நிலம் பறிபோகாமல் தடுத்தது, பெண்கள் பெயரில் பதிந்த இந்த ஒரு முடிவே எனலாம். இப்பணிக்காகத் தம்பதியருக்கு 2008இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டது.

1990களில் படுகையின் கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகளால் நிலத்தடி நீர் உப்பாகி, வயல்வேலை குறைந்து, பெண்கள் குடிநீருக்கு நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தபோது, ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலுள்ள அத்தகைய பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது.

இத்தகைய பெண்களின் உரிமையைச் சட்டங்களும் ஏற்றுள்ளன. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு கிராமப்புறப் பெண்களுக்கென்றே எழுதப்பட்டது. இந்தியா அதை 1993இல் ஏற்றது. தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்குக் கிடைத்த சம சொத்துரிமையோ, பங்கிட நிலமே இல்லாத குடும்பங்களுக்குப் பயன்படவில்லை. நில உடைமையைக் காட்டும் சிட்டாவோ, சாகுபடியைக் காட்டும் அடங்கலோ தன் பெயரில் இல்லாத பெண், வாய்மொழிக் குத்தகையில் தானே பயிர் செய்தாலும், கூட்டுறவுப் பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் பெறுவது இன்றும் கடினமாகவே உள்ளது.